பட்டியலுக்கு முன்பே கரை வந்த குருணை

பிளாஸ்டிக் குருணைக்குச் சொந்தமாக ஓர் உருவம் கிடையாது. நாளை அது குடமாகலாம், தண்ணீர்க் குழாயாகலாம், பால் கவராகலாம், வலையில் கட்டும் மிதவையாகலாம். எரிவாயுவிலிருந்தோ நாஃப்தாவிலிருந்தோ எத்திலீன், புரொப்பிலீன் வாயுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். அவற்றைக் கோத்து நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளாக்கி, உருக்கி, துளைகள் வழியே இழையாகப் பிதுக்கி, நீரில் குளிரவைத்து நறுக்கினால் வெள்ளை மணிகள் உதிரும். இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர், துவரம்பருப்பு அளவு. வணிகத்தில் நர்டில் என்பார்கள். நாம் அன்றாடம் தொடும் பிளாஸ்டிக் சாமான்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் இப்படி மணிமணியாகக் கிடந்தவைதான். 25 கிலோ மூட்டைகளில் கட்டி, மூட்டைகளைக் கன்டெய்னரில் அடுக்கிக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள்.

மூட்டைகளுக்குத் துணையாக ஒரு தாளும் பயணம் செய்கிறது. எந்த எண்ணுள்ள கன்டெய்னரில் என்ன சரக்கு, எவ்வளவு எடை, யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது என்று சொல்லும் சரக்குப் பட்டியல். துறைமுகத்தில் மேனிஃபெஸ்ட் என்றால்தான் புரியும். கப்பல் நிறுவனத்திடம் ஒரு படி, அதன் முகவரிடம் ஒரு படி, சுங்கத்துறையிடம் ஒரு படி இருக்கும். அந்தக் கப்பல் கடந்து போகும் கரையில் வாழ்பவர்களிடம் மட்டும் படி இருக்காது. 2025 மே மாதம் கேரளக் கடலில் குருணையும் தாளும் பிரிந்தன. குருணை தானாகவே கரைக்கு வந்துவிட்டது. தாளை நீதிமன்றமும் பத்திரிகைகளும் சேர்ந்து இழுத்து வரவேண்டியிருந்தது.

திருவனந்தபுரத்துக்குச் சற்றுத் தெற்கே விழிஞ்ஞம். பன்னாட்டுக் கப்பல் பாதைக்குப் பக்கத்தில், பெருங்கப்பல்கள் நுழையும் இயற்கை ஆழத்தோடு அமைந்த இடம். பல பத்தாண்டுகள் பேசப்பட்டு, 2015-ல் அதானி குழுமத்தோடு ஒப்பந்தமாகி, மீனவர் போராட்டங்களையும் தாண்டி எழுந்த துறைமுகத்தை 2025 மே 2-ம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இறங்கி ஏறிக்கொண்டிருந்த இந்தியச் சரக்கு இனி இங்கேயே கை மாறும் என்ற பெருமிதம் கேரளத்துக்கு இருந்தது. அதில் நியாயமும் உண்டு. அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல்களைக் கொண்டுவரும் முதன்மை நிறுவனம் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.சி. உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனம் அதுதான்.

அந்த நிறுவனத்தின் எம்.எஸ்.சி. எல்சா 3, 1997-ல் கட்டப்பட்ட பழைய கப்பல், லைபீரியக் கொடியோடு மே 23-ம் தேதி விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பியது. மறுநாள் பகலில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கப்பலில் இருந்த 24 பேரையும் கடலோரக் காவல்படையும் கடற்படையும் உயிரோடு மீட்டன. மே 25 காலையில் ஆலப்புழைக் கரைக்கு அப்பால் கப்பல் முழுகியது.

அன்றே அரசுத் தரப்பில் அறிவிப்பு வந்தது. கப்பலில் 640 கன்டெய்னர்கள், அவற்றில் 13-ல் அபாயகரமான சரக்கு, 12-ல் கால்சியம் கார்பைடு, தொட்டிகளில் 84.44 டன் டீசல், 367.1 டன் ஃபர்னஸ் ஆயில். கார்பைடு தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயுவைக் கக்கும்; அது தீப்பிடிக்கக் கூடியது. அதனால் கரை ஒதுங்கும் கன்டெய்னர்களைத் தொடாதீர்கள், 200 மீட்டர் விலகி நில்லுங்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரித்தது. நல்ல வேலை, உரிய நேரத்தில் செய்த வேலை. ஆனால் மீதியுள்ள அறுநூற்றுச் சொச்சம் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்பது அந்த முதல் அறிவிப்பில் இல்லை. குருணை என்ற பேச்சே அதில் இல்லை.

யாரோ மறைத்ததால் மட்டும் நேர்ந்ததல்ல இது. கடலில் போகும் அபாயகரமான சரக்குகளுக்கு ஐ.எம்.டி.ஜி. என்ற பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. எது தீப்பிடிக்கும், எது வெடிக்கும், எது அரிக்கும், எது நஞ்சு என்று வகை பிரித்து, அந்த வகைக்குள் வரும் சரக்கைத் தனியாக அறிவிக்கச் சொல்வது அது. பிளாஸ்டிக் குருணை அந்தத் தொகுப்பில் அபாயச் சரக்கு அல்ல. தீயைப் பார்த்தும் நச்சைப் பார்த்தும் பயந்து எழுதப்பட்ட விதி, நூறு ஆண்டு கடலில் கிடந்தாலும் மக்காத ஒன்றைப் பார்த்துப் பயப்படவில்லை. ஆகவே சட்டப்படி அது வெறும் சரக்கு. துணி மாதிரி, மரக்கட்டை மாதிரி, முந்திரி மாதிரி. அறிவிப்பில் அதற்கு ஒரு வரி ஒதுக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

கடலுக்கு அந்த வகைப்பிரிவு தெரியாது. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நீரைவிட லேசானவை, மிதக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. காற்றோ மேற்கிலிருந்து கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆலப்புழைக்கு அப்பால் உடைந்த பெட்டியிலிருந்து வெளியே வந்த மூட்டைக்கு இந்த இரண்டுமாகச் சேர்ந்து வழி சொல்லின: தெற்கே போ, கரையை ஒட்டிப் போ. மறுநாளே கொல்லத்துக் கரைகளில் கன்டெய்னர்கள் ஒதுங்கத் தொடங்கின. மே மாதம் முடிவதற்குள் வர்க்கலை, பெருமாதுறை, வேளி, கொச்சுவேளி என்று திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைகளில் வெள்ளை மூட்டைகளும், கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்திய மணிகளும் வந்து சேர்ந்தன.

மணலில் கலந்த குருணையைப் பொறுக்குவது எவ்வளவு சலிப்பூட்டும் வேலை என்பதைச் செய்துபார்த்தவர்கள்தான் அறிவார்கள். ஒவ்வோர் அலையும் பழையதை மூடிப் புதியதைப் போட்டுவிட்டுப் போகும். இயந்திரத்தைவிட்டு அள்ளினால் மணலும் நண்டுகளும் சேர்ந்து போகும். குனிந்து கையால்தான் பொறுக்க வேண்டும். தன்னார்வலர்களும் குடிமைப் பாதுகாப்புப் படையினரும் அதைத்தான் செய்தார்கள். இதற்குள் மே 29-ம் தேதி கேரள அரசு இந்த விபத்தை மாநிலப் பேரிடராக அறிவித்திருந்தது. கப்பல் முழுகிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைல் தூரத்துக்கு மீன்பிடிக்கத் தடை. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு இடைக்கால உதவியாக 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும். பிடித்த மீனையும் சனங்கள் பயந்து வாங்காமல் விட்டார்கள். கடலில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதபோது அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாமை மீன் விலையாக மாறிக் கடைசியில் மீனவர் தலையில் விடிகிறது. தகவலை வெளியிடுவது ஏதோ ஆண்டறிக்கைச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் அந்த நாட்களின் கேரள மீன்சந்தையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குருணை அதனளவில் நஞ்சல்ல என்பது தொழில்துறையினர் சொல்லும் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை ஜப்பானிய விஞ்ஞானி ஹிதெஷிகே தகாதாவும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் பி.சி.பி. போன்ற நச்சுகளைக் குருணை தன் மேற்பரப்பில் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கிறது என்று அவர்களுடைய 2001-ம் ஆண்டு ஆய்வு கூறியது. பிறகு உலகெங்கும் கடற்கரைகளில் பொறுக்கிய குருணையைத் தபாலில் வரவழைத்து, அதைக்கொண்டே அந்தந்தக் கடலின் மாசைக் கணிக்கும் திட்டத்தையும் தகாதா நடத்தினார். மீன்முட்டை என்று நினைத்துக் கடற்பறவைகளும் மீன்களும் இதை விழுங்குகின்றன. எவ்வளவு நாள் கடலில் அலைகிறதோ அவ்வளவுக்கு அது அழுக்கு சுமக்கும்.

இனி தாளின் கதைக்கு வருகிறேன். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டி.என். பிரதாபன் கேரள உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். ஜூன் முதல் வாரத்தில் அந்த வழக்கில் நீதிமன்றம், கப்பலில் இருந்த சரக்கு பற்றிய விவரங்களைப் பொதுவெளியில் வைக்கும்படி அரசிடம் சொன்னது. அதை ஒட்டிய நாட்களில்தான் முழுப் பட்டியல் செய்திகளில் வந்தது. 640 என்றது 643 ஆனது. மரம், பஞ்சு, முந்திரி, தேங்காய், வெறும் பெட்டிகள் எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றோடு பிளாஸ்டிக் மூலப்பொருள் ஏற்றிய பெட்டிகள் சுமார் 60. கொச்சுவேளி மணலில் கிடந்த மணிக்குக் காகிதத்தில் பெயர் கிடைத்த நாள் அது. அதற்குள் அந்த மணலில் எத்தனையோ பேர் குனிந்து நிமிர்ந்துவிட்டார்கள்.

அரசின் கையிலேயே இருந்திருக்கக் கூடிய தாளை வெளியிட ஏன் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது? விழிஞ்ஞத்தின் நிலையை நினைத்தால் விடை கொஞ்சம் புரியும். துறைமுகம் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதன் முதன்மை வாடிக்கையாளர்தான் விபத்துக்குப் பொறுப்பு ஏற்க வேண்டிய நிறுவனம். ஜூன் 9-ம் தேதி அதே நிறுவனத்தின் எம்.எஸ்.சி. இரினா, உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்று, விழிஞ்ஞத்துக்கு வந்து நின்றது. அதே நாளில் கேரளத்தின் வடகடலில் வான் ஹாய் 503 என்ற வேறொரு நிறுவனத்தின் கப்பல் தீப்பற்றி எரிந்தது. வரவேற்பும் விபத்தும் ஒரே நாள் செய்தித்தாளில். கிரிமினல் வழக்கு இப்போதைக்கு வேண்டாம், இழப்பீட்டுக்கான ஆதாரம் திரட்டுவோம் என்பது அரசின் போக்காக இருந்தது என்ற செய்தியைப் பத்திரிகைகள் வெளியிட்டன. கேள்விகள் கிளம்பின. ஜூன் 11-ம் தேதி ஃபோர்ட் கொச்சி கடலோரக் காவல் நிலையத்தில் கப்பல் உரிமையாளர், கேப்டன், மாலுமிகள் மீது வழக்குப் பதிவானது. ஜூலை மாதம் அரசே உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. அதில் 8,626 கோடிக்கு மேல் சுற்றுச்சூழல் பாதிப்புக்காக. அந்த வழக்கில் எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 என்ற கப்பலை விழிஞ்ஞத்திலேயே பிடித்து நிறுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பரில் பிணைத்தொகையை 1,227.62 கோடியாகக் குறைத்தது.

மே கடைசிக்கும் ஜூலைக்கும் நடுவே மாறியது சட்டமல்ல, பார்வைதான். அரசு கண்காணிக்கும் என்று ஒரு நிறுவனம் அஞ்சலாம். அரசுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொழில் உறவு இருக்கும்போது, அரசைக் கண்காணிக்க மூன்றாவது கண் வேண்டும். கேரளத்தில் மலையாளப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்த வேலையைச் செய்தன.

பத்திரிகைக் கண்ணுக்கும் ஒரு குறை உண்டு. குருணை செய்தியானதற்குக் காரணம் அது வெள்ளையாகப் படத்தில் விழுந்தது. கப்பலின் அடித்தட்டில் கிடந்த கார்பைடும், தொட்டியில் இருந்த எண்ணெயும் எந்தக் கேமராவிலும் விழவில்லை. வான் ஹாய் எரியத் தொடங்கியதும் எல்லாக் கேமராக்களும் வடக்கே திரும்பின. ஊடக நெருக்கடியால் மட்டும் வெளிவரும் தகவல் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற மாசைப் பற்றியதாகவே இருக்கும். தெரியாததைச் சொல்லவைக்க எழுதப்பட்ட விதிதான் வேண்டும்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2012 ஜூலையில் விசென்டே புயல் ஹாங்காங்கைத் தாக்கியபோது சைனோபெக் நிறுவனம் தயாரித்த குருணை ஏற்றிய கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. ஏறக்குறைய 150 டன் சிதறியது. அதிகாரிகளுக்கு விஷயம் தெரிந்தும் பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. கடற்கரையைச் சுத்தம் செய்யப்போன தன்னார்வலர்கள் கண்டெடுத்து, பத்திரிகைகள் எழுதி, ஆகஸ்டில்தான் ஊர் அறிந்தது. அதன் பிறகு சைனோபெக் சுத்தப்படுத்தும் வேலைக்கென ஒரு கோடி ஹாங்காங் டாலர் தருவதாக அறிவித்தது.

இங்கே நம் குருணை திருவனந்தபுரத்தோடு நிற்கவில்லை. நீரோட்டம் அதைக் குமரி மாவட்டக் கரைகளுக்குக் கொண்டுபோனது. குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பி தனுஷ்கோடி மணலிலும் கிடந்தது. அங்கிருந்து இலங்கையின் மன்னார்க் கரைக்கும் ஜூன் மாதத்தில் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குக் குருணை புதிதல்ல. 2021 மே 20-ம் தேதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி, பின்பு முழுகி, 1,680 டன் அளவுக்குக் குருணையைக் கடலில் கொட்டியது. உலகில் பதிவான மிகப் பெரிய பிளாஸ்டிக் குருணைச் சிதறல் அதுதான். அந்தக் கப்பலில் நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கத்தாரின் ஹமாதிலும் குஜராத்தின் ஹசிராவிலும் அந்தப் பெட்டியை இறக்க முடியாமல் கொழும்புக்கு வந்தது. கசிவு பற்றிய தகவல் யாருக்கு எப்போது சொல்லப்பட்டது, ஏன் உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை என்பதுதான் பிறகு நடந்த வழக்கின் மையக் கேள்வி. 2025 ஜூலை 24-ம் தேதி இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தன் நாட்டு அதிகாரிகளின் தவறுகளையும் அது விட்டுவைக்கவில்லை.

பட்டியலை வெளியிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை அமெரிக்காவில் இருக்கிறது. அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஆலைக்குள் என்ன வாயு இருந்தது, அதற்கு என்ன மாற்று மருந்து என்பது அன்றிரவு மருத்துவர்களுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்து அதிர்ந்த அமெரிக்கா 1986-ல் ஒரு சட்டம் போட்டது. ஆலைகள் ஆண்டுதோறும் எந்த நச்சை எவ்வளவு வெளியேற்றுகின்றன என்று அறிவிக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அளவைக் குறை என்று அந்தச் சட்டம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1989-ல் முதல் பட்டியல் வெளியானதும் பத்திரிகைகள் அதை முதல் பக்கத்தில் போட்டன. பட்டியலில் இடம்பெற்ற நிறுவனங்களின் பங்கு விலை இறங்கியதைப் பொருளியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1995-ல் ஆய்வு செய்து காட்டினார். விவரம் வெளிவரப் போகிறது என்று தெரிந்தபோதே மான்சான்டோ தன் நச்சுக்காற்று வெளியேற்றத்தை 90 சதவீதம் குறைப்பதாக உறுதி கொடுத்தது. போபாலின் பிணங்களால் அமெரிக்க மக்கள் பெற்ற அந்தப் பட்டியல் போபால் இருக்கும் நாட்டுக்கு அதே வடிவில் கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பொறுக்கவில்லை.

இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2022-23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையில் மின்சாரம், தண்ணீர், கழிவு, கரியமில வாயு ஆகியவற்றின் கணக்கைக் கட்டாயம் தரவேண்டும் என்று வைத்திருக்கிறது. முன்னேற்றம்தான். அது முதலீட்டாளருக்காக எழுதப்படும் அறிக்கை. ஆண்டுக்கொரு முறை வரும். எம்.எஸ்.சி. ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான தனியார் நிறுவனம். எந்தப் பங்குச்சந்தையிலும் இல்லை, இந்திய நிறுவனமும் அல்ல. செபியின் கை அதைத் தொடாது. மே மாதம் கடலில் இறங்கிய மணியைப் பற்றி வலைக்காரருக்குச் சொல்லும் கடமை அந்த அறிக்கைமுறையில் எங்கும் இல்லை.

விதிகள் மெல்ல நகர்கின்றன. 2024-ல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. குருணை ஏற்றிய பெட்டிகளை ஆவணங்களில் தெளிவாக அடையாளம் காட்ட வேண்டும், நல்ல உறையில் கட்ட வேண்டும், மேல்தளத்தில் அடுக்காமல் கீழே வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. 2026 ஜனவரி 1-ஐ நடப்புத் தேதியாகக் கொண்ட வேறொரு திருத்தம், கடலில் கன்டெய்னர் விழுந்தால் உடனே அருகிலுள்ள கப்பல்களுக்கும் கரையோர நாட்டுக்கும் கொடி நாட்டுக்கும் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. அரசுக்குத் தெரியும், நல்லது. அரசு மக்களுக்குச் சொல்லுமா என்பதை அந்தத் திருத்தம் தீர்மானிக்காது.

அதை நம் ஊரிலேயே தீர்மானிக்கலாம். கப்பல் விபத்து நேர்ந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் முழுச் சரக்குப் பட்டியலும் மக்கள் மொழியில் வெளியாக வேண்டும் என்று மாநிலப் பேரிடர் விதிகளில் ஒரு வரி எழுத கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எந்தத் தடையும் இல்லை. பத்திரிகைச் செய்தி ஒன்றையே மனுவாக எடுத்துக்கொண்டு விசாரிக்கும் அதிகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஆகவே உள்ளூர்ச் செய்தி எதுவும் வீண் போவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ம் பிரிவு, அரசு அலுவலகங்கள் யாரும் கேட்காமலே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. தூத்துக்குடியிலோ எண்ணூரிலோ குளச்சலிலோ கடலை ஒட்டி வாழ்கிறீர்கள் என்றால், உங்கள் கடல் வழியே போகும் கப்பல் முழுகினால் அதன் பட்டியல் உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும் என்று துறைமுகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். அடுத்த கப்பல் சாய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.